ஐரோப்பாவில் கேம் விளையாடுவோர் உண்மையிலேயே பின்தள்ளப்பட்டார்களா?

பரந்தன் சந்தி எழுதியது:

வணக்கம். ஜேர்மனியில் பிறந்து வளர்ந்த என் மச்சானோடு வாட்ஸ்அப்பில் கதைக்கும்போதெல்லாம் ஒரே வாதம் வருகிறது. கேம் நிறுவனங்கள் ஐரோப்பியர்களை எப்போதுமே இரண்டாந்தரமாக நடத்தி வந்திருக்கின்றன என்றும், யப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் கொடுத்து முடித்த பின்புதான் அவர்களுடைய முறை வரும் என்றும், அதுவும் கூடிய விலைக்கு வரும் என்றும் அவர் சொல்கிறார். எனக்கு இதை ஏற்றுக்கொள்வது கடினமாக இருக்கிறது. அவர்களுக்கு யூரோவில் விலை போடுகிறார்கள், அவர்களின் மொழியில் உரையாடல்களை எழுதுகிறார்கள், சேர்வரும் அவர்களுக்கு அண்மையிலேயே இருக்கிறது. நாமோ பரந்தனில் இருந்துகொண்டு சிங்கப்பூர் சேர்வரிலோ மும்பை சேர்வரிலோ விளையாடுகிறோம். கணக்குத் திறக்கப் போனால் நாடுகளின் பட்டியலில் இலங்கையே இல்லாத இடங்களும் உண்டு. அவர் சொல்வதில் எவ்வளவு உண்மை என்று விபரம் தெரிந்தவர்கள் விளக்குவீர்களா? இந்த ஆவணி விடுமுறைக்கு வரும்போது தன்னுடைய பழைய பிளேஸ்டேஷன் 5-ஐ எனக்குக் கொண்டுவந்து தருவதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். அதை இங்கே எந்த நாட்டுக் கணக்கில் பாவிப்பது?

வவுனியா திருத்தகம் எழுதியது:

தம்பி, பழைய காலத்தைப் பொறுத்தவரை உங்கள் மச்சான் சொல்வது முழுக்க உண்மை. நான் தொலைக்காட்சி திருத்துபவன் என்பதால் அந்தப் பகுதியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். யப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்த என்.ரி.எஸ்.சி என்ற தொலைக்காட்சி முறையில் திரை வினாடிக்கு ஏறத்தாழ 60 தடவை புதுப்பிக்கப்பட்டது. ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இலங்கையிலும் இருந்த பி.ஏ.எல் முறையில் 50 தடவை மட்டுமே. அன்றைய கேம்கள் பெரும்பாலும் இந்தப் புதுப்பிப்பையே தமது கடிகாரமாக வைத்து எழுதப்பட்டிருந்தன. ஆகவே 60-க்கு எழுதியதை மாற்றாமல் 50-இல் ஓடவிட்டால், ஓட்டமும் பாய்ச்சலும், பல கேம்களில் பின்னணி இசையும்கூட, ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். பி.ஏ.எல் முறையில் 625 கோடுகள், மற்றதில் 525 கோடுகள்; கூடுதலாக இருந்த கோடுகளுக்குப் படம் வரையப்படாததால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து, உருவங்கள் சப்பையாகத் தெரிந்தன. வேகத்தையே சொல்லி விற்கப்பட்ட 1991ஆம் ஆண்டின் சோனிக் கேமைக்கூட ஐரோப்பியப் பிள்ளைகள் மெதுவாகத்தான் விளையாடினார்கள். இதைச் சரிசெய்ய வழி இருந்தது, சில நிறுவனங்கள் செய்தும் காட்டின. மற்றவை அந்த உழைப்பைச் செலவழிக்க விரும்பவில்லை என்பதே என் கருத்து. 1999இல் சேகாவின் டிரீம்காஸ்ட் கேம் பெட்டி ஐரோப்பாவுக்கு வந்த பின்புதான் 60 ஹெர்ட்ஸை, அதாவது வினாடிக்கு 60 தடவையை, தெரிவுசெய்யும் வசதி பரவலாகத் தொடங்கியது.

நாமும் பி.ஏ.எல் நாடு என்பதால் இந்தக் குறை நமக்கும் சேர்ந்தே வந்தது. 2009-க்கு முன் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் தேசிய மின்சாரம் இல்லாதபடியால், உறவினர் கொண்டுவரும் கேம் பெட்டிகளை வவுனியா நகரத்தில்தான் அதிகம் காணலாம். இலண்டன் பெட்டியை அன்ரெனா வயர் வழியாகக் கொடுத்தால் படம் வரும், சத்தம் வராது. பிரித்தானியாவில் ஒலி படத்திலிருந்து 6 மெகாஹெர்ட்ஸ் தள்ளியும், இங்கும் ஜேர்மனியிலும் 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளியும் ஒலிபரப்பாவதே அதற்குக் காரணம். ஜேர்மனியிலிருந்து வந்த பெட்டிகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

நெடுங்கேணி மகள் எழுதியது:

நான் இப்போது டோர்ட்முண்டில் வசிக்கிறேன். மேலே அண்ணன் சொன்னதோடு, பல ஆண்டுகள் வெளியிடப்படாமலே இருந்த கேம்களையும் சேர்க்க வேண்டும். குரோனோ டிரிகர் 1995இல் யப்பானிலும் அமெரிக்காவிலும் வந்தது. ஐரோப்பாவில் 2009 வரை வரவில்லை. ஃபைனல் ஃபாண்டஸி 6 வெளியானது 1994இல், ஐரோப்பாவுக்கு வந்தது 2002இல். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ் என்று மொழிபெயர்க்கவேண்டியிருந்தது தாமதத்துக்கு ஓரளவு நியாயமான காரணம்தான். ஆனால் பிளேஸ்டேஷன் 3 யப்பானிலும் அமெரிக்காவிலும் 2006 நவம்பரிலும், இங்கே 2007 மார்ச்சிலும் வந்தபோது, பழைய கேம்களை ஓட்டுவதற்கான பிரதான சிப் நீக்கப்பட்டே வந்தது. அமெரிக்காவில் 599 டொலர், இங்கே 599 யூரோ. நம் ஆட்கள் இதைச் சொல்லும்போது வரியை மறந்துவிடுகிறார்கள்: ஜேர்மன் விலைக்குள் 19 வீத வரி அடங்கியிருக்கிறது, அமெரிக்க விலையில் வரி இல்லை. வரியைக் கழித்தால் ஏறத்தாழ 503 யூரோ. அன்றைய மாற்று விகிதத்தில் அது 670 டொலர் அளவில் வரும். வரியைக் கழித்த பின்பும் 70 டொலர் அதிகம் என்பதால், முறைப்பாடு நியாயமானதே.

ஆனால் “எப்போதுமே” என்பதை நான் ஏற்கமாட்டேன். செனோபிளேட் குரோனிக்கிள்ஸ் ஐரோப்பாவில் 2011இலேயே வந்தது. அமெரிக்கர்கள் 2012 வரை காத்திருந்தார்கள், அதற்காக இயக்கமே நடத்தினார்கள். அதைவிட முக்கியமானது, இங்கே முறையிடுவதற்கு ஓர் இடம் இருக்கிறது. பிரித்தானியாவில் மலிவாக வாங்கி ஜேர்மனி போன்ற நாடுகளில் விற்பதைத் தடுத்ததற்காக ஐரோப்பிய ஆணைக்குழு 2002இல் நின்டெண்டோவுக்கு ஏறத்தாழ 149 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. பின்னர் நீதிமன்றம் அந்தத் தொகையைக் குறைத்தது. போலந்து, ஹங்கேரி, பால்டிக் நாடுகள் போன்றவற்றில் விற்ற கேம்களை வேறு ஐரோப்பிய நாடுகளில் திறக்கவிடாமல் பூட்டியதற்காக கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையின் உரிமையாளரான வால்வுக்கும் ஐந்து வெளியீட்டாளர்களுக்கும் 2021இல் மொத்தம் 7.8 மில்லியன் யூரோ விதிக்கப்பட்டது. வன்னியில் ஒரு பிள்ளைக்கு இதே அநியாயம் நடந்தால் எந்தக் கதவைத் தட்டுவது? உங்கள் மச்சானிடம் இதைக் கேளுங்கள், தம்பி.

மாங்குளம் ஏ9 எழுதியது:

அக்கா சொன்ன பால்டிக் நாடுகளில் இன்னொரு விடயமும் இருக்கிறது. எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகியவை ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தும், 2024இல் சோனியின் இணையக் கணக்குச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வேர்க் இல்லாத நாடுகளாகவே இருந்தன, இலங்கையும் அப்படியே. அந்த ஆண்டு மே மாதத்தில், ஹெல்டைவர்ஸ் 2 கேமைக் கணினியில் விளையாடவும் அந்தக் கணக்கு கட்டாயம் என்று சோனி அறிவித்ததும், கணக்குத் திறக்க முடியாத 170-க்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் விற்பனை நிறுத்தப்பட்டது. விளையாடுவோர் உலகெங்கும் எதிர்த்ததால் சில நாள்களிலேயே அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டார்கள். ஆகவே ஐரோப்பாவுக்குள்ளும் எல்லோரும் சமமாக நடத்தப்படவில்லை. பெரிய சந்தை உள்ள நாட்டைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

சேர்வர் தூரம் இயற்கையின் கணக்கு. பரந்தனிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர், ஒளியிழையில் ஒளி வினாடிக்கு 2 இலட்சம் கிலோமீற்றர் அளவில் செல்லும். போய்வருவதற்கே குறைந்தது 27 மில்லிசெக்கன் வேண்டும், கேபிள் சுற்றிப் போவதால் உண்மையில் அதைவிடக் கூடும். சேர்வரை எங்கே வைப்பது என்பது மட்டும் நிறுவனங்களின் கையில் இருக்கிறது.

உங்கள் கொன்சோலைப் பற்றிச் சொல்வதானால், ஜேர்மனியிலும் இங்கும் 230 வோல்ட்தான். பிளக்குக்கு மட்டும் ஓர் அடப்டர் வாங்குங்கள். இங்கிருந்துகொண்டு ஜேர்மனியில் வசிப்பதாகக் கணக்குத் திறப்பது விதிமுறைக்கு மாறானது, பின்னர் கணக்கு முடக்கப்பட்டால் வாங்கியதும் போய்விடும். அதைவிட, மச்சானின் கணக்கை அந்தக் கொன்சோலில் பகிர்வு வசதியோடு வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். அவர் வாங்கிய கேம்களை நீங்களும் விளையாடலாம். டிஸ்க்கில் வரும் கேம்களுக்கு நாட்டுப் பூட்டு இல்லை, ஆனால் அவற்றின் மேலதிகப் பகுதிகளை டிஸ்க் விற்கப்பட்ட பிராந்தியத்தின் கணக்கிலேயே வாங்கவேண்டும். எல்லாவற்றுக்கும் முன், அது டிஸ்க் போடக்கூடிய வகைதானா என்று இன்றே கேட்டுவையுங்கள். டிஸ்க் இல்லாத வகையும் விற்பனையில் இருந்தது.