நெரைட் நத்தை: ஓடு வெளுப்பது, முட்டை, மருந்து – பார்த்துத் தெரிந்துகொண்டவை

மீன் தொட்டியில் பாசி தின்ன விடும் நெரைட் நத்தையின் ஓட்டு நுனி வெளுத்துக் குழி விழுந்தால் பெரும்பாலும் அது நோய் இல்லை, தண்ணீர்க் கோளாறு. ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றும் டேங்கில் இது சீக்கிரம் தெரியும். ஓடு கால்சியம் கார்பனேட். தண்ணீரின் அமில-கார அளவான பிஎச் 7-க்குக் கீழே இறங்கினால் கரையத் தொடங்கும். நுனிதான் ஓட்டின் பழைய பாகம், மேல்தோல் அங்கேதான் முதலில் தேயும். ஃபைட்டர் மீனுக்கென்று பாதாம் இலை போட்ட டேங்கில் தயவுசெய்து நெரைட்டை விடாதீர்கள். இலை பிஎச்சை இன்னும் இறக்கிவிடும்.

பிஎச் 7.5, ஜிஎச் (தண்ணீரின் கடினத்தன்மை) 8-க்குக் குறையாமல் இருந்தால் நல்லது. சோப்பு நுரைக்காத போர் தண்ணீர் நமக்குத் தொல்லை, நத்தைக்கு வரம். ஆர்.ஓ. தண்ணீரோடு அதைப் பாதிக்குப் பாதி கலந்து, பிஎச் பார்த்துக்கொண்டே மாற்றுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல் நுரையில் (கணவாய் ஓடு) விரல் நீளத் துண்டு ஒன்றை ஃபில்டருக்குள் வைக்கலாம். முதலில் மிதக்கும், ஊறியதும் அமுங்கிவிடும். அரித்த நுனி திரும்ப வளராது. ஓட்டின் வாய் விளிம்பைப் பாருங்கள்: புதிதாக வளரும் பட்டை வழவழப்பாக, நிறம் அழுத்தமாக வந்தால் தண்ணீர் சரியாகிவிட்டது.

தண்ணீரோடு சாப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் பழுப்புப் பாசி, பச்சைப் புள்ளிப் பாசி இரண்டையும் இது நன்றாகச் சுரண்டும். போன வழியில் வளைந்து வளைந்து கீறிய தடம் தெரியும். கறுப்புத் தாடிப் பாசிக்கு இதை நம்பி வாங்க வேண்டாம். 20 லிட்டருக்கு ஒன்று போதும். கண்ணாடி பளிச்சென்று ஆகிவிட்டால் பட்டினிதான். ஒரு நிமிடம் வேகவைத்த வெள்ளரித் துண்டு போட்டு, மிச்சத்தை மறுநாள் எடுத்துவிடுங்கள். புது டேங்கில் முதல் மாதமே விடுவது தப்பு, பாசியும் இருக்காது, அமோனியாவும் ஏறும்.

மரக்கட்டையில் எள் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருப்பது முட்டை. நல்ல தண்ணீரில் குஞ்சு பிழைக்காது, அதற்கு உப்புத் தண்ணீர் வேண்டும். பெருகிவிடும் என்று பயப்பட வேண்டாம். கண்ணாடியில் இருப்பதைப் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டலாம். கட்டையில் இருப்பது லேசில் போகாது.

முக்கியமான ஒன்று விட்டுப்போச்சு. வெள்ளைப் புள்ளி நோய்க்கு மருந்து ஊற்றுமுன் லேபிளைப் படியுங்கள். காப்பர், அதாவது மயில் துத்தம் கலந்த மருந்து, மீனைக் காப்பாற்றும் அளவிலேயே நத்தையைக் கொன்றுவிடும். மருந்து கொடுக்க மீனை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். செம்புக் குடத்தில் பிடித்துவைத்த தண்ணீரும் வேண்டாம்.

மல்லாந்து கிடந்தால் உடனே நிமிர்த்திவிடுங்கள், பல நெரைட்டுக்குத் தானாகத் திரும்ப வராது. அசையாமல் கிடந்தால் மோந்து பாருங்கள். ஓட்டின் வாயை அடைக்கும் மூடி இறுக்கமாக இருந்தால் உயிர் இருக்கிறது. மூடி தொங்கி அழுகல் நாற்றம் அடித்தால் அப்போதே வெளியே எடுத்து, பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.