ஃபிராங்க்ளின் உயில்: மூத்த மகன் பங்கில் குழப்பம், உதவுங்கள்

வணக்கம். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1788 ஜூலையில் எழுதிய உயிலைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். மகள் சாராவுக்கும் மருமகன் ரிச்சர்ட் பேச்சுக்கும் பிலடெல்பியா வீடுகள் போகின்றன. மகன் வில்லியமுக்கோ நோவா ஸ்கோஷியா நிலம், அவர் கையில் ஏற்கெனவே இருக்கும் புத்தகங்கள், பழைய கடன் தள்ளுபடி, அவ்வளவுதான். வில்லியம் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர். அதனால்தான் பங்கு குறைந்தது என்று அடிக்குறிப்பு போடலாமா?

இன்னொன்று. வீடுகள் இருவரின் ஆயுள் வரை அவர்களுக்கு, பிறகு பிள்ளைகளுக்கு என்று வருகிறது. இதைச் சட்டத் தமிழில் எப்படி எழுதுவது?

பதில் 1

அந்த அடிக்குறிப்பு வேண்டாம், தப்பாகிவிடும். காரணத்தை அப்பாவே உயிலில் சொல்லியிருக்கிறார்: அமெரிக்க விடுதலைப் போரில் தனக்கு எதிராக மகன் நடந்துகொண்டது ஊரறிந்த விஷயம், தன்னிடமிருந்து பறிக்கப் பார்த்த சொத்தில் இதற்குமேல் கொடுக்காததற்கு அதுவே காரணம் என்கிறார். வில்லியம் நியூ ஜெர்சியின் ஆளுநர். பிரிட்டிஷ் அரசர் பக்கமே நின்று 1776இல் கைதானவர். பிறப்புதான் தடை என்றால் பேரன் டெம்பிளும், அதாவது வில்லியமின் மகனும், திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்தானே? தாத்தாவின் கையெழுத்துப் பிரதிகள் அத்தனையும் அவருக்குத்தான் போயின.

கேட்டவர்

நன்றி ஐயா, நல்லவேளை கேட்டேன். ஆனால் நியூ ஜெர்சியில் வில்லியமுக்குச் சொந்தப் பண்ணை இருந்ததாகப் படித்தேன். உயிலில் அதைப் பற்றிப் பேச்சே இல்லையே?

பதில் 2

நான் பத்திரம் எழுதுகிறவன். உயில் கைக்கு வந்தால் அதற்கு முன்னால் என்னென்ன கைமாறியது என்றுதான் முதலில் பார்ப்பேன். 1784இல் சமாதானம் கேட்டு வில்லியம் அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். மறு வருடம் ஃபிராங்க்ளின் பிரான்சிலிருந்து ஊர் திரும்பும் வழியில் சவுதாம்ப்டனில் இருவரும் சந்தித்தார்கள். அங்கே உறவு ஒட்டவில்லை, கணக்குதான் தீர்ந்தது. வில்லியம் தன் நியூ ஜெர்சிப் பண்ணையைச் சொந்த மகன் டெம்பிளுக்கே குறைந்த விலைக்கு விற்க வேண்டியதாயிற்று. அப்பாவுக்குத் தர வேண்டிய கடனும் அதில் கழிக்கப்பட்டது. மூன்று வருடம் கழித்து எழுதிய உயிலில் அந்தப் பண்ணை எப்படி வரும்? ஒரு பாகப்பிரிவினை ஏற்கெனவே முடிந்துவிட்டது. உங்கள் அடிக்குறிப்பு 1785ஐப் பற்றி இருக்கட்டும்.

வீட்டு வாசகத்துக்கு நம் பத்திர நடையே போதும்: "மேற்படி இருவரும் தங்கள் ஆயுள் வரை பராதீனம் ஏதும் செய்யாமல் அனுபவித்துக்கொண்டு, இருவர் காலத்துக்குப் பின் அவர்களின் மக்கள் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் அடைய வேண்டியது." பராதீனம் என்றால் விற்பது, அடமானம் வைப்பது போல வேறொருவருக்குக் கைமாற்றுவது; சர்வ சுதந்திர பாத்தியம் என்றால் முழு உரிமை. மூலத்தில் பராதீனத்துக்கு இணையான சொல் இல்லையென்றால் அதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

கேட்டவர்

அருமை, அப்படியே எடுத்துக்கொள்கிறேன். பிரெஞ்சு மன்னர் கொடுத்த அவருடைய உருவப்படம், சுற்றிலும் 408 வைரம் பதித்தது, சாராவுக்குப் போகிறது. அந்தக் கற்களை நகையாகச் செய்துகொள்ளக் கூடாது என்று அப்பா கேட்டுக்கொள்கிறார். அதையும் முடித்துவிட்டேன். மருமகன் தர வேண்டிய 2,172 பவுண்டு தள்ளுபடியாகும் பகுதியில் "வேலைக்காரன் பாபை அனுப்பிவிட வேண்டும்" என்று எழுதியிருக்கிறேன். சரியா?

பதில் 1

இல்லை, தயவுசெய்து மாற்றுங்கள். பாப் சம்பளத்துக்கு இருந்தவர் அல்ல, ரிச்சர்ட் பேச்சின் அடிமை. தான் இறந்த உடனே அவரை விடுதலை செய்ய வேண்டும் என்பதுதான் ஃபிராங்க்ளின் கேட்டது. "அடிமை", "விடுதலை" இரண்டு சொல்லும் அப்படியே வர வேண்டும்.