கூடுதலாக வந்த குடும்ப ஓய்வூதியம்: பணம் திரும்பப் போகிறது, கட்டிய வரி திரும்ப வருமா?

செவ்வாய்ப்பேட்டை மகன்:
அம்மாவுக்காகக் கேட்கிறேன். அப்பா மத்திய அரசு வேலை. ஓய்வு பெற்ற அடுத்த வருடமே போய்விட்டார். அம்மாவுக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி வந்தது. ஏழு வருடம், அல்லது அப்பாவுக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவரைதான் அந்தப் பாதி. பிறகு 30 சதவீதம். எங்களுக்கு அந்த நாள் 2023 மார்ச்சோடு முடிந்துவிட்டது. ஓய்வூதியம் போடும் வங்கி இதைக் கவனிக்கவில்லை. 24,000 அடிப்படைக்குப் பதில் பழைய 40,000த்தையே இன்னும் இரண்டு வருடம் போட்டது. போன மே மாதம் கடிதம் வந்தது: அகவிலை நிவாரணத்தோடு 5,73,600 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கிறது, மாதம் 12,400 பிடிப்போம்.

அம்மா பாஸ்புக்கை எடுத்து, அந்த இரண்டு வருட வரவு ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். "நான் கேட்டா போட்டாங்க?" என்பதோடு சரி, வேறு எதுவும் பேசவில்லை.

என் கேள்வி வரி பற்றியது. வைப்பு வட்டியும் சேர்ந்து 2023-24இல் வரிக்குரிய வருமானம் 7,65,000, வரி 32,760. 2024-25இல் 7,70,000, வரி 28,080. இரண்டுமே புதிய வரி முறை. குடும்ப ஓய்வூதியத்தில் டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே வரி பிடிப்பது, கிடையாது என்பதால் அம்மாவே கட்டினார். சரியான ஓய்வூதியம் வந்திருந்தால் இரண்டு வருடமும் 5 லட்சத்துக்குள்தான். 7 லட்சம் வரை ரிபேட், அதாவது வரித் தள்ளுபடி, இருந்ததால் ஒரு பைசா வரி இல்லை. ஆக 60,840 ரூபாய் வீணாகப் போயிருக்கிறது. வங்கியோ முழுத் தொகையையும் கேட்கிறது.

அஸ்தம்பட்டி கணக்கு:
இதற்கு ஏன் கலங்குகிறீர்கள் தம்பி? இந்த வருடம் பிடித்தது போக மீதியை மட்டும் வருமானமாகக் காட்டுங்கள். முன்னறிவிப்புக் காலம் முடியும் முன்பே வேலையை விட்டவரிடம் அந்தக் காலச் சம்பளத்தை நிறுவனம் பிடித்துக்கொண்ட ஒரு வழக்கில், கைக்கு வந்த சம்பளத்துக்குத்தான் வரி என்று அகமதாபாத் வருமான வரித் தீர்ப்பாயம் 2017இல் சொல்லியிருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை மகன்:
அண்ணா, 2025-26க்கு ரிபேட் வரம்பே 12 லட்சம். அம்மாவுக்கு இந்த வருடம் எப்படிப் போட்டாலும் வரி பூஜ்யம்தான். பூஜ்யத்தில் எதைக் கழிப்பது?

ஏற்காடு ரிட்டயர்டு:
தம்பி கேட்டது சரியான கேள்வி. அந்தத் தீர்ப்பும் இங்கே ஒட்டாது. அது சம்பளம். குடும்ப ஓய்வூதியம் 'பிற வருமானம்' என்ற தலைப்பில் வருவது. இன்னொன்று, வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 89ஐ யாராவது இழுத்து வரும் முன்பே சொல்லிவிடுகிறேன்: அது நிலுவை மொத்தமாக வரும்போது கிடைக்கும் நிவாரணம். பணம் திரும்பப் போகும்போது அதில் ஒன்றும் இல்லை.

நான் 31 வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவன். கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன். பணம் வந்தது, செலவழித்தீர்கள், அந்த வருடத்து வருமானம் அது. பின்னால் திருப்பிக் கொடுத்தால் பழைய வருடம் மாறும் என்று சட்டத்தில் எங்கே இருக்கிறது? என் தம்பி நியூ ஜெர்சியில் இருக்கிறான். அங்கே 3,000 டாலருக்கு மேல் திருப்பிக் கட்டினால், இந்த வருடம் கழிப்பதா, பழைய வருடத்து வரியை வரவு வைத்துக்கொள்வதா, எது லாபமோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று 1341ஆம் பிரிவே இருக்கிறது. நம் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு கிடையாது.

ஐந்து ரோடு ஆடிட்டர்:
தனிப் பிரிவு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வருமானமே உண்டாகவில்லை என்றால் கணக்கில் எழுதியிருந்தாலும் வரி இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1962இலேயே சூர்ஜி வல்லப்தாஸ் வழக்கில் சொல்லிவிட்டது. உரிமை இல்லாத பணம், திருப்பியே ஆக வேண்டிய பணம், அது எப்படி வருமானம்? கடன் மாதிரிதான்.

ஏற்காடு ரிட்டயர்டு:
அந்த வழக்கில் இருந்தது ஏட்டில் எழுதிய பதிவு. இங்கே ரொக்கம் கைக்கு வந்திருக்கிறது சார். கடன் வாங்கியவனுக்குக் கடன் என்று தெரியும். இந்த அம்மா ஓய்வூதியம் என்று நினைத்துத்தானே வாங்கினார்?

ஐந்து ரோடு ஆடிட்டர்:
தெரியாமல் வாங்கியதால் பணத்தின் தன்மை மாறிவிடுமா? சரி, வாதம் இருக்கட்டும், நாள் போகிறது. 2024-25க்குத் திருத்திய ரிட்டன் போட 2025 டிசம்பர் 31 வரைதான். இன்று 20ஆம் தேதி. சரியான ஓய்வூதியத்தைப் போட்டு 28,080ஐத் திருப்பிக் கேளுங்கள். ரிட்டனோடு கடிதத்தை இணைக்க வழியில்லை. வங்கிக் கடிதம், மாதவாரி வித்தியாசப் பட்டியல், பிடித்தம் தெரியும் பாஸ்புக் பக்கம், மூன்றையும் பத்திரமாக வையுங்கள். நோட்டீஸ் வந்தால் அவைதான் பேசும்.

2023-24க்கு அந்தக் கதவு 2025 ஜனவரி 15ஓடு மூடிவிட்டது. 'அப்டேட்டட் ரிட்டன்' இருக்கிறதே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதில் கூடுதலாகக் கட்டலாம், திரும்ப வாங்க முடியாது. தாமதத்தை மன்னிக்கும்படி 119(2)(பி) பிரிவில் ஆணையருக்கு மனு போடலாம். 2024 அக்டோபர் சுற்றறிக்கைப்படி மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த வருடத்துக்கு அடுத்த வருடம்) முடிந்து 5 வருடம் வரை அவகாசம். கிடைத்தாலும் வட்டி வராது.

ஏற்காடு ரிட்டயர்டு:
திருத்திய ரிட்டன் எதற்கு? விடுபட்டதோ தவறாக எழுதியதோ பின்னால் தெரிந்தால் போடுவதற்கு. வங்கியில் வந்ததைத்தான் அந்த அம்மா எழுதினார். அதில் என்ன தவறு? அதிகாரி இதைத்தான் கேட்பார். பதில் வைத்துக்கொண்டு போங்கள், அவ்வளவுதான் சொல்கிறேன்.

ஐந்து ரோடு ஆடிட்டர்:
கேட்கட்டும். 2024-25இல் 'ஓய்வூதியம்' என்று எழுதியதில் 2,93,280 ஓய்வூதியமே இல்லை என்று, போட்டவர்களே கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். இதைவிடத் தவறான விவரம் வேறு என்ன வேண்டும்?

அம்மாபேட்டை தறி:
எல்லாரும் வரியையே பேசுகிறீர்கள். பணத்தையே ஏன் திருப்ப வேண்டும்? ஓய்வு பெற்றவரிடம் பிடிக்கக் கூடாது என்று 2014இல் ரஃபிக் மசி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதே. 2022இல் கேரள ஆசிரியர் தாமஸ் டேனியலுக்கும் அதே தீர்ப்புதான்.

ஏற்காடு ரிட்டயர்டு:
2016இல் ஜக்தேவ் சிங் வழக்கில், கூடுதலாக வந்தால் திருப்புகிறேன் என்று எழுதிக் கொடுத்தவரிடம் பிடிக்கலாம் என்றும் சொன்னது. ஓய்வூதியக் கணக்கு தொடங்கும்போது வங்கி முதலில் வாங்குவதே அந்தத் தாளைத்தான். நானும் கொடுத்திருக்கிறேன். போன மாதம் அதன் நகலைத் தேடி இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் போய், "ஃபைல் ஸ்டோரில் இருக்கு" என்ற பதிலோடு ஏறி வந்தேன்.

செவ்வாய்ப்பேட்டை மகன்:
அம்மாவும் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், கேட்டுவிட்டேன். வழக்கு வேண்டாம், அப்பா பேரில் சண்டை வேண்டாம் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 2024-25 திருத்திய ரிட்டனைப் போடுகிறேன். மனு ஜனவரியில். ஏற்காடு சார் கேட்ட கேள்விக்கு ஆடிட்டர் சார் சொன்ன பதிலை அப்படியே தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஏற்காடு ரிட்டயர்டு:
போடுங்கள். எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லை. ரீஃபண்ட் வந்தால் இங்கே வந்து சொல்லுங்கள், தட்டுவடை செட் என் செலவு.

செவ்வாய்ப்பேட்டை மகன்:
சரிங்க சார். அம்மா இப்போது பாஸ்புக்கில் மாதாமாதம் போகும் 12,400க்கும் வட்டம் போட ஆரம்பித்துவிட்டார். இதற்கு மட்டும் சிவப்பு மை.