கடை போர்டுக்கு தடியான உருண்டை ஃபான்ட், தமிழ்ல மட்டும் ஏன் அடைச்சுக்குது?

கும்பகோணம்_பாத்திரக்கடை:
எல்லாருக்கும் வணக்கம். தாத்தா காலத்துலேர்ந்து பித்தளை, வெண்கலப் பாத்திரக் கடை வச்சிருக்கோம். 2028 மகாமகம் வர்றதுக்குள்ள கடைய புதுப்பிச்சிடலாம்னு மொதல்ல போர்டுல கை வச்சேன். இங்கிலீஷுக்கு பாப்பின்ஸ் போல்டுங்கற ஃபான்ட், ஓ எல்லாம் காம்பஸ்ல போட்ட மாதிரி உருண்டையா கோடெல்லாம் ஒரே தடிமனா குண்டான் அடுக்கி வச்ச மாதிரி இருக்கும், எங்க கடைக்கு அவ்ளோ பொருத்தம். ஆனா அதுல தமிழ் எழுத்து இல்ல, அதனால ஃப்ளெக்ஸ் போட்ட எடத்துல அவங்ககிட்ட இருந்த ஒரு தமிழ் ஃபான்ட்டுக்கு சுத்தி அவுட்லைன் குடுத்து தடியாக்கி தந்தாங்க. கம்ப்யூட்டர்ல பாத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. 12 அடி போர்டா மாட்டிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்னு பாத்தா 'வெண்கலம்'ல ண சுழியெல்லாம் அடைஞ்சு கருப்புக் கட்டியா நிக்குது. அப்பா ஒண்ணும் சொல்லல, பாத்துட்டு உள்ள போயிட்டார், அதுதான் கஷ்டமா இருக்கு. இங்கிலீஷ் மாதிரியே தமிழும் கெத்தா நிக்கணும், என்ன பண்ணலாம்?

மாயவரம்_பிரஷ்:
தம்பி, அவுட்லைன்தான் காரணம். அது வெளிய மட்டும் வளராது, உள்பக்கமும் வளரும். சுழிக்குள்ள ஓட்டை 1 இஞ்ச்னு வச்சுக்க, சுத்தி கால் இஞ்ச் ஏத்துனா ரெண்டு பக்கமும் தின்னு அரை இஞ்ச்தான் மிச்சம், தூரத்துலேர்ந்து அது கண்ணுக்கே தெரியாது. இங்கிலீஷ் ஓ-வுக்கு ஒரே ஓட்டை, பெரிய ஓட்டை, தாங்கும். நம்ம ண மூணு சுழி, ன ரெண்டு சுழி, அதுல ஒண்ணு அடைஞ்சாலும் எது எதுன்னே தெரியாது. நாங்க பிரஷ்ல எழுதுன காலத்துல தடியா எழுதச் சொன்னா நேர்கோட்ட தடியா இழுப்போம், சுழிக்குள்ள போறப்ப பிரஷ்ஷ தூக்கி மெலிசாக்கிடுவோம், யாரும் சொல்லிக்குடுத்தது இல்ல, கையே செய்யும். போல்டுன்னு தனியா வரைஞ்ச ஃபான்ட்லயும் இதத்தான் பண்ணியிருப்பாங்க, அதனால அவுட்லைன் போட வேண்டிய அவசியமே வராது.

தஞ்சாவூர்_எழுத்துக்காரி:
அண்ணன் சொன்னது இங்கிலீஷ் எழுத்துக்கும் பொருந்தும். இந்த வகைக்கெல்லாம் முன்னோடி ஃப்யூச்சுரா, 1927-ல ஜெர்மனியில பால் ரென்னர் பண்ணது, 1969-ல நிலாவுல விட்டுட்டு வந்த அப்பல்லோ 11 தகட்டுல இருக்கறதும் அதே எழுத்துதான். வட்டம், சதுரம், முக்கோணத்த வச்சு கட்டுனதுன்னு சொல்லுவாங்க, ஆனா பெருசாக்கி பாருங்க, படுக்கைக் கோடு நிமிர்ந்த கோட்ட விட கொஞ்சம் மெலிசு, வளைவு போய் தண்டுல, அதாவது நிமிர்ந்த கோட்டுல, ஒட்டுற எடமும் மெலிசு. ஒரே அளவா வச்சா கண்ணுக்கு படுக்கைக் கோடு தடியா தெரியும், அதான். காம்பஸ்ல போட்ட மாதிரி தெரியணும்னா காம்பஸ்ஸ கொஞ்சம் ஏமாத்தியே ஆகணும். தமிழ்ல சுழி ஜாஸ்தி, அதனால இன்னும் நெறைய ஏமாத்தணும்.

கூகுள் ஃபான்ட்ஸ்ல இலவசமா கெடைக்கிறதுல பாலூ தம்பி 2 நல்ல குண்டா இருக்கும். கட்டுமரான் (Catamaran) 100-லேர்ந்து 900 வரைக்கும் ஒம்போது தடிமன்ல இருக்கு. முக்தா மலர் அடக்கமானது. அனெக் தமிழ்ல அகலத்தையும் கூட்டிக்கலாம், எனக்கு அதுதான் புடிக்கும், ஏன்னா அகலம் கூடுனா சுழிக்குள்ள எடம் தானா வந்துடும். இங்கிலீஷ் 700-னா தமிழுக்கு 600 வச்சுப் பாருங்க, கருமை ரெண்டுக்கும் ஒண்ணா தெரியும். அதோட போர்டுல தமிழ் 5 பங்கு, இங்கிலீஷ் 3 பங்குன்னு விதி இருக்கு, தமிழத்தான் பெருசா வைக்கப் போறீங்க, அப்பறம் தடிமன வேற எதுக்கு ஏத்தணும்?

இன்னொண்ணு, நம்ம தரங்கம்பாடியிலயே 1713-ல ஜெர்மனி ஹாலேலேர்ந்து வந்த தமிழ் அச்செழுத்து ரொம்ப பெருசா இருந்து பேப்பர் முழுங்குதுன்னு அங்கேயே சின்னதா வார்த்துக்கிட்டாங்க. எழுத்த எந்த அளவுல பாக்கப் போறோமோ அந்த அளவுக்குன்னு வரையணும், எனக்கு அந்த ஊருக்குப் போறப்பல்லாம் இது ஞாபகம் வரும்.

திருவாரூர்_அக்ரிலிக்:
அக்கா சொன்ன பாலூ தம்பி ஸ்வீட் கடைக்கு, ஐஸ்கிரீம் கடைக்கு சரி, குத்துவிளக்கு விக்கிற கடைக்கு வேணாம்னுதான் சொல்லுவேன். அப்பறம் ப்ரோ, ஃப்ளெக்ஸ விட்டுட்டு எல்ஈடி எழுத்தா பண்ணப் போறீங்கன்னா புள்ளிய மறக்காதீங்க. புள்ளி தனித் துண்டு, சின்னதா இருந்தா உள்ள லைட் வைக்க எடம் இருக்காது, வெயில்லயும் மழையிலயும் மொதல்ல கழண்டு விழறதும் அதுதான். 'வெண்கலம்'ல ரெண்டு புள்ளி இருக்கு, ரெண்டும் போச்சுன்னா என்னன்னு படிப்பாங்க? தண்டு தடிமனுக்குக் கொறையாம புள்ளிய வைக்கச் சொல்லுங்க. ஃப்ளெக்ஸ் கடையில டிசைன் பண்ற கோரல் டிரா சாஃப்ட்வேர் பழசா இருந்தா, அதுல யூனிகோட் தமிழ் போட்டா கொம்பு எடம் மாறி வரும், அதனால நீங்களே எழுத்த கர்வ்ஸ் ஆக்கி, அதாவது வெறும் படமா மாத்தி, பிடிஎஃப்பா குடுத்துடுங்க.

கும்பகோணம்_பாத்திரக்கடை:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா, ப்ரோ. நேத்து ராத்திரி அனெக் தமிழ் 600, கட்டுமரான் 700 ரெண்டுலயும் 'வெண்' மட்டும் ஏ4-ல பிரிண்ட் எடுத்து ஷட்டர்ல ஒட்டி, ரோட்டத் தாண்டி நின்னு பாத்தேன். அனெக்தான், அகலத்த ஒரு படி கூட்டி வச்சதுல மூணு சுழியும் தனித்தனியா தெரியுது. காலையில அப்பா கடை தொறக்கறப்ப ஷட்டர தூக்காம கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, "புள்ளிய இன்னும் கொஞ்சம் பெருசா போடச் சொல்லு"ன்னார்.