கூமேரா அருவி – சனிக்கிழமை நடை

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், லாமிங்டன் தேசியப் பூங்காவில் பின்னா பர்ரா என்ற இடத்திலிருந்து நடந்த நடை பற்றி எங்கள் குடும்பக் குழுவில் பேசிக்கொண்டது.

*வெள்ளி இரவு*

அக்கா: நாளை முழுக்க மழையாம். பின்னா பர்ரா நடையை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமா மாமா?

மாமா: வேண்டாம்மா. லாமிங்டன் காட்டை மழையில்தான் பார்க்க வேண்டும். வெயில் நாளில் ஒல்லியாக விழுகிற அருவி நாளைக்குப் பாறை நிறைய இறங்கும். ஆனால் கூமேரா சுற்றுப்பாதை முழுவதும் நடக்கப் போவதில்லை.

தம்பி: ஏன்? 17 கி.மீ. சொச்சம்தானே, நடந்துவிடுவோம்.

மாமா: தூரத்துக்காகச் சொல்லவில்லை. அருவிக்கு மேலே பாதை ஆற்றைப் பல தடவை குறுக்கே தாண்டுகிறது. கல்மேல் கால் வைத்துத்தான் போக வேண்டும். கல் மூழ்கிவிட்டால் முழங்கால் தண்ணீரே ஆளைச் சாய்த்துவிடும். ஒன்றைத் தாண்டிய பிறகு பின்னால் தண்ணீர் ஏறினால், முன்னேயும் போக முடியாது, திரும்பவும் முடியாது. அதனால் அருவி தெரிகிற மேடை வரை போய், வந்த வழியே திரும்புகிறோம். இப்போதே முடிவு செய்துவிடுவோம். அங்கே போய் நின்றால் இன்னும் கொஞ்சம் போகலாம் என்றுதான் தோன்றும்.

நான்: சரி மாமா. மேடையோடு சரி.

அத்தை: பின்னா பர்ரா என்றால், 2019 காட்டுத்தீயில் பழைய லாட்ஜ் எரிந்துபோனதே, அந்த இடமா?

மாமா: அதே இடம்தான். அங்கேதான் வண்டியை விட்டுவிட்டு நடக்க ஆரம்பிக்கிறோம்.

சித்தி: சின்னவனுக்குக் காய்ச்சல், நாங்கள் வரவில்லை. எப்போது திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள் அண்ணா. உள்ளே சிக்னல் கிடைக்காது.

மாமா: நாலு மணிக்கு வண்டிக்கு வந்துவிடுவோம். ஆறு மணி வரை தகவல் இல்லையென்றால் அவசர உதவி எண் 000-க்கு அடி. கூமேரா பாதை, ஐந்து பேர் என்று சொல்.

அக்கா: ஜீன்ஸ் போட்டுக்கொள்ளலாமா?

மாமா: கூடவே கூடாது. நனைந்தால் கனக்கும், உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும். சீக்கிரம் காய்கிற துணி போடு. மாற்று உடுப்பு ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துக்கொள். அட்டை ஒட்டினால் பிய்க்காதே, நகத்தால் பக்கவாட்டில் நெட்டித் தள்ளு. பாதை ஓரத்தில் இதய வடிவில் பெரிய இலை தெரிந்தால் கையை வைக்காதே. ஸ்டிங்கிங் ட்ரீ, தொட்டால் கொட்டுகிற மரம். அதன் சுணை கண்ணுக்கே தெரியாது, தோலில் ஏறினால் பல நாள் எரியும்.

*சனி*

நான் (காலை 6:10): பூங்காத் துறையின் தளத்தில் பார்த்துவிட்டேன். பாதை மூடவில்லை. கிளம்புகிறோம்.

சித்தி (மாலை 4:35): வந்துவிட்டீர்களா?

சித்தி (5:02): யாராவது ஒரு வார்த்தை போடுங்களேன்.

நான் (5:18): ஐந்து பேரும் பத்திரமாக வண்டியில் இருக்கிறோம் சித்தி. அத்தைக்கு வேர்களில் கால் வழுக்கியது, அதனால் திரும்பும்போது அவரை முன்னால் விட்டு அவர் வேகத்திலேயே நடந்தோம். தாமதமானதற்கு அதுதான் காரணம்.

சித்தி: அப்பாடா. இப்போதுதான் மூச்சு வந்தது. அருவி தெரிந்ததா?

அக்கா: முதலில் சத்தம் மட்டும்தான் கேட்டது. மேடைக்கு முன்னால் வெள்ளையாக மேகம் அடைத்திருந்தது. இருபது நிமிடம் மழையிலேயே நின்றோம். திடீரென்று மேகம் விலகியது. 64 மீட்டர் அருவி எதிரே! கீழே 160 மீட்டர் பள்ளம். கம்பியைப் பிடித்திருந்த கை நடுங்கியது. யாருக்கும் பேச்சே வரவில்லை.

தம்பி: எனக்குப் பிடித்தது வேறு. பாதை நடுவில் நீலச் சிங்கி இறால் ஒன்று நடந்து வந்தது! நல்ல நீலம், முதுகெல்லாம் வெள்ளை முள். மழை ஈரத்தில் ஓடையை விட்டு வெளியே வருமாம். நான் குனிந்ததும் இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு என்னை எதிர்த்து நின்றது. ஒதுங்கி வழிவிட்டோம். அதற்கு அவசரமே இல்லை.

அத்தை: சாட்டையைச் சொடுக்குகிற மாதிரி ஒரு பறவைச் சத்தம் கேட்டதே, அதையும் சொல்லுடா.

மாமா: விப்பேர்ட், அதாவது சாட்டைப் பறவை. ஆண் சொடுக்கும், உடனே பெண் பதில் சொல்லும். நமக்கு ஒரே பறவை கூவுவது போல இருக்கும்.

நான்: மாமா சொன்னது சரியாகப் போயிற்று. மேலேயிருந்து திரும்பி வந்த இரண்டு பேர், முதல் கடவையிலேயே கல் தெரியவில்லை என்றார்கள்.

சித்தி: சின்னவன் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்த நீல இறால் அங்கேயே இருக்குமா என்கிறான்.

தம்பி: இருக்கும்டா. உனக்குக் காய்ச்சல் விடட்டும், அடுத்த மழைக்கு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறேன்.