காக்பிட் போட்டாச்சு, எச்சரிக்கைக்கு என்ன செய்வது?

வணக்கம் நண்பர்களே. மார்த்தாண்டத்தில் ஒரு தேன் மொத்த வியாபாரக் கடையின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கேயும் நாகர்கோவில், குளச்சல் கிளைகளிலும் உபுண்டு சர்வர்கள் இருக்கின்றன. மூன்றிலும் காக்பிட் (பிரவுசர் வழியாகவே சர்வரை நிர்வகிக்கும் மென்பொருள்) போட்டிருக்கிறேன். பிரவுசரில் 9090 போர்ட்டைத் திறந்தால் சர்வீஸ், லாக், டிஸ்க் நிலவரம் எல்லாம் தெரிகிறது. கமாண்ட் தெரியாத கடை அக்காவே நின்றுபோன சர்வீஸை ஸ்டார்ட் செய்துவிடுகிறார். இதே வேலைக்கான வெப்மினை விட இது எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான்.

சிக்கல் என்னவென்றால், காக்பிட் தானாக எச்சரிக்கை அனுப்பாது. மழைக்காலத்தில் கரண்ட் போய் வந்தபின் டேட்டாபேஸ் எழவில்லை என்றாலும் யாராவது திறந்து பார்த்தால்தான் தெரியும். பிசிபி (சர்வரின் செயல்திறன் அளவுகளைப் பதிந்துவைக்கும் கருவி) நிறுவினால் சிபியு, மெமரியின் பழைய வரைபடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். போனுக்குச் செய்தி வர நெட்டேட்டா என்ற கண்காணிப்பு மென்பொருள் சரியா? ரேம் 4 ஜிபிதான், தாங்குமா?

அப்புறம், 9090-ஐ இணையத்துக்குத் திறந்துவிட எனக்குத் துளியும் மனமில்லை. வயர்கார்டு (இணையத்தின் மேல் பாதுகாப்பான தனி வழி அமைக்கும் விபிஎன்) போடலாம் என்றால் மூன்று பிராட்பேண்ட் இணைப்புகளும் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கின்றன; அதாவது பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது ஐபி என்பதால் வெளியிலிருந்து நேரடியாக உள்ளே வர முடியாது. நாகர்கோவிலில் மட்டும் நிலையான ஐபி வாங்கினால் போதுமா, இல்லை நடுவில் ஒரு விபிஎஸ் (இணையத்தில் இருக்கும் மெய்நிகர் சர்வர்) வாடகைக்கு எடுப்பது நல்லதா? இப்படி அமைத்து ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை, அன்றே செய்து பார்த்துவிடுவேன்.