ஐயா வாசித்த நாடகக் கம்பெனி எது? பழைய நோட்டீசும் பாட்டு நோட்டும் கிடைத்திருக்கின்றன

கோட்டையூரான்:
எங்கள் ஐயா (அப்பாவைப் பெற்றவர்) நாடகத்தில் ஆர்மோனியம் வாசித்தவர், நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். போன வாரம் கோட்டையூர் வீட்டில் ஓடு மாற்றும்போது பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டியை இறக்கினோம். உள்ளே நாலைந்து நோட்டீசும், கறையான் பாதி தின்ற ஒரு பாட்டு நோட்டும் இருந்தன. ஒரு நோட்டீசில் மேல் ஓரம் கிழிந்துபோய் “...பால கான சபா” என்பது மட்டும்தான் தெரிகிறது. நாடகம் பவளக்கொடி, தரை 2 அணா, சுபானு வருஷம் பங்குனி மாதம். மற்ற நோட்டீசுகளில் கம்பெனி பெயரே இல்லை, நடிகர்கள் படமும் பெயருக்கு முன்னால் ஊரும் போட்டு, கீழே “வள்ளி திருமணம்” என்று பெரிதாக இருக்கிறது. அப்பத்தாவைக் கேட்டால் “உங்க ஐயா கம்பெனியில இருந்தாரு” என்பதோடு சரி. அது எந்தக் கம்பெனி, அதன் வரலாற்றை எங்கே தேடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மிருதங்கக்காரர் மகன்:
தம்பி, உங்களிடம் இருப்பவை இரண்டு வேறு காலத்துக் காகிதங்கள், இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சுபானு என்றால் 1943-44, பங்குனி என்பதால் 1944 மார்ச், ஏப்ரல். அது சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனிக் காலம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை வைத்தார், அதில் சிறுவர்களாகச் சேர்ந்த டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் பால ஷண்முகானந்த சபா என்று சொந்தமாகவே தொடங்கினார்கள். பால, கான, விநோத, சங்கீத என்ற சொற்களை மாற்றி மாற்றி வைத்து அந்த நாளில் எத்தனையோ சபாக்கள் இருந்ததால், கிழிந்த பெயரை வைத்து இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. பத்து வயதுப் பையன்களைச் சேர்த்து, கம்பெனி வீட்டிலேயே சாப்பாடு போட்டு, வாத்தியார் பாட்டும் வசனமும் மனப்பாடம் செய்ய வைப்பார். ஒரு ஊரில் கொட்டகை போட்டால் வசூல் குறைகிறவரை மாதக்கணக்கில் அங்கேதான், அப்புறம் சீன் படுதாக்களைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊர்.

படமும் ஊர்ப் பெயரும் போட்ட நோட்டீஸ் ஸ்பெஷல் நாடகம். அதில் கம்பெனி என்று எதுவுமே கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன்) மதுரை, ஸ்திரீபார்ட் (கதாநாயகி) புதுக்கோட்டை, பபூன் (கோமாளி) திண்டுக்கல் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். ஒத்திகை இல்லை. ராத்திரி 10 மணிக்கு மேடை ஏறினால் விடியும்வரை சுவாமிகளின் பாட்டும் நாரதர், வள்ளி தர்க்கமும்தான். அன்றைக்குத்தான் சந்தித்த நடிகர்களை ஒரே நாடகமாகக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறவர் ஆர்மோனியம் வாசித்தபடி பின்பாட்டுப் பாடுகிறவர். என் அப்பா மிருதங்கம் வாசித்தார். பின்பாட்டுக்காரரின் கை கொஞ்சம் தடுமாறினாலும் மேடையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பார். நோட்டைத் திறந்து பாருங்கள். பாட்டுக்குப் பக்கத்தில் கட்டை, அதாவது பாடுகிறவரின் சுருதி அளவு, ஏதாவது எழுதியிருக்கிறதா?

பள்ளத்தூர் வாசி:
எங்கள் ஊர்க்காரி என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மனோரமா மன்னார்குடியில் பிறந்தாலும் வளர்ந்தது பள்ளத்தூரில். 12 வயதில் “யார் மகன்?” நாடகத்தில் நடிக்கத் தொடங்கி, வைரம் நாடக சபா, எஸ்.எஸ்.ராஜேந்திரன் நாடகங்கள் என்று போய், 1958இல் கண்ணதாசன் தயாரித்த மாலையிட்ட மங்கையில் சினிமாவுக்கு வந்தார். கண்ணதாசனும் பக்கத்துச் சிறுகூடல்பட்டிக்காரர்தான். ஏவி.எம். காரைக்குடியில் ஸ்டுடியோ வைத்திருந்தபோது எடுத்த நாம் இருவர் (1947) படமும் ப.நீலகண்டன் எழுதிய தியாக உள்ளம் நாடகம்தான்! நாடகத்தைத் தின்றது சினிமா என்று சொல்வார்கள், நம் பக்கத்தில் நாடகம்தான் சினிமாவுக்குச் சோறு போட்டது. கம்பெனிகள் குலைந்ததற்கு டாக்கி (பேசும் படம்) மட்டும் காரணம் இல்லை என்பது என் எண்ணம். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் செட்டியார் வீடுகளுக்கு அங்கிருந்து வந்த பணம் நின்றது. கோயில் திருவிழாவுக்கும் கொட்டகைக்கும் அள்ளிக் கொடுத்த கை அதே கைதானே.

கோட்டையூரான்:
அண்ணே, கட்டை எழுதியிருக்கிறது! “காயாத கானகத்தே” பாட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் “மதுரை 5”, அதன் கீழே “புதுகை 4½”, அடித்துவிட்டு “4” என்று இருக்கிறது, இன்னொரு மையில் “திண்டுக்கல் 3½”. ஆனால் முதல் பன்னிரண்டு பக்கங்களில் எண்ணே இல்லை, பவளக்கொடிப் பாட்டுகள் மட்டும். எழுத்தும் வேறு மாதிரி, பெரிது பெரிதாக, கோடு போட்டு அதன் மேல் எழுதிய மாதிரி. யாரோ சின்னப் பையன் எழுதியது என்றுதான் முதலில் நினைத்தேன்.

மிருதங்கக்காரர் மகன்:
அந்தச் சின்னப் பையன் உங்கள் ஐயாதான் என்று நினைக்கிறேன். கம்பெனியில் தினமும் அதே பையன்கள் பாடுவதால் சுருதியை எழுதிவைக்க வேண்டிய தேவை இல்லை. ஸ்பெஷலில் ராத்திரிக்கு ராத்திரி ராஜபார்ட் மாறுவார், எந்த ஊர்க்காரருக்கு எத்தனை கட்டை என்று குறித்து வைத்தால்தான் பிழைக்கலாம். அந்த 4½ஐ அடித்து 4 எழுதியிருக்கிறாரே, புதுக்கோட்டைக்காரருக்கு அன்று தொண்டை கட்டியிருக்கும், இல்லை வயதாகியிருக்கும். கம்பெனி கலைந்த பிறகு பலர் இப்படித்தான் ஸ்பெஷலுக்கு வந்தார்கள்.

இன்னொன்று, அந்த நோட்டீசுகளை லேமினேட் செய்துவிடாதீர்கள், காகிதம் போய்விடும். பழைய புத்தகமும் நோட்டீசும் சேர்த்து வைத்த ரோஜா முத்தையா உங்கள் கோட்டையூர்க்காரர்தான். அவர் சேகரித்தவைதான் இப்போது சென்னைத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. அங்கே போய், பழைய நாடக நோட்டீசுகளில் சுபானு பங்குனியைத் தேடச் சொல்லுங்கள்.

கோட்டையூரான்:
உள்ளூர்க்காரனாக இருந்தும் அந்த நூலகத்தை நினைக்கவே இல்லை. ஆடி முடிந்ததும் சென்னை போகிறேன். அந்தப் பன்னிரண்டு பக்கங்களை அப்பத்தாவிடம் காட்டினேன், கண் சரியாகத் தெரியாது, விரலால் தடவிப் பார்த்துவிட்டு “பத்து வயசுல வீட்டை விட்டு ஓடிப்போனவராம், பள்ளிக்கூடமே போகலைன்னு எங்கிட்டச் சொன்னாரே, எழுத எங்கே கத்துக்கிட்டாரு” என்று கேட்டார். 1944 பங்குனியில் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பவளக்கொடி போட்ட நோட்டீஸ் யார் வீட்டிலாவது இருந்தால் மேல் ஓரத்தை மட்டும் படம் எடுத்துப் போடுங்கள்.